ராஸ்கோவின் இடுப்பில் ஏறிய துப்பாக்கி

அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில், கறுப்பினத்தார் வாழும் மேற்குப் பேட்டையில் மிச்சமிருந்தது அந்த ஒரே மளிகைக்கடைதான். அதன் வாசலில் வெறுங்கையோடு காவல் நின்ற காலத்தில் ராஸ்கோ பெட்வேயின் ஆயுதம் அவர் வாய். எவனாவது மேலங்கிக்குள் இறைச்சியைச் செருகிக்கொண்டு நடந்தால் அவர் கத்த மாட்டார், துரத்த மாட்டார். தோளில் கை போட்டுக்கொண்டு கூடவே நடப்பார்.

"தம்பி, அந்தப் பன்றி விலா உன் சட்டைக்குள்ள வேர்த்து ஊத்துதுடா. எடுத்த இடத்துல வச்சிட்டு வா. உங்கம்மா காதுக்குப் போகாது."

பெரும்பாலும் வைத்துவிடுவார்கள். சிலர் திட்டிக்கொண்டே வைப்பார்கள்.

அடுத்த பேட்டைக் கடையில் பணம் வாங்கும் பெண் ஒருத்தியைக் கொள்ளைக்காரன் சுட்டுக் கொன்றான். ராஸ்கோவின் முதலாளி ஆடிப்போனார். வாசலில் துப்பாக்கி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கடையை மூடிவிடுவேன் என்றார். "நீங்க பயிற்சி எடுத்துக்கறீங்களா, வேற ஆளைக் கொண்டு வரட்டுமா?"

வீட்டில் மனைவி வெர்டெல் ஒரே பேச்சாகச் சொன்னாள். "முடியாதுன்னுட்டு வாங்க."

"நான் முடியாதுன்னா வெளியூர்க்காரன் ஒருத்தன் வந்து நிப்பான். அவனுக்கு இங்க யாரைத் தெரியும்? கைக்குட்டை எடுக்கப் பைக்குள்ள கைவிட்டாலே சுட்டுருவான்."

"நம்ம தெருவுக்கு வர்ற போலீஸ்காரனும் இங்க பொறந்தவன்தான். அவனைப் பாத்து எவ சிரிக்கிறா?"

ஜனங்களுக்கும் தனக்கும் நடுவே அந்த இரும்பு வந்துவிடுமோ என்ற பயம் ராஸ்கோவுக்கும் இருந்தது. ஆனாலும் பயிற்சிக்குப் போனார். இரண்டு கையும் எப்போதும் காலியாக இருக்கட்டும், எவரையும் தொடும் தூரத்தில் விடாதே, துப்பாக்கியைப் பிடுங்கினால் முதலில் சாவது நீதான் என்று அங்கே படித்துப் படித்துச் சொன்னார்கள்.

துப்பாக்கியோடு நின்ற முதல் நாள், அவருக்குச் சிறுவயதில் தேவாலயத்து ஞாயிறு பள்ளியில் பாடம் சொன்ன மிஸ் ஒடெஸா கைத்தடியை ஊன்றி நின்று அவர் இடுப்பையே பார்த்தாள்.

"ஏன் ராஸ்கோ, கீரைக்கட்டு உன்கூடச் சண்டைக்கு வந்துச்சா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வழக்கம்போல் அவர் தூக்கி வரட்டுமென்று அவள் பையை நீட்டினாள்.

"கை காலியா இருக்கணுமாம், மிஸ் ஒடெஸா."

"பெரிய மனுசன் ஆயிட்டே, போ." பையைத் தானே தூக்கிக்கொண்டு போனாள்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் கடையில் நெரிசல். டெமாரியோ என்கிற பேட்டைப் பையன் மேலங்கிக்குள் ஒரு பன்றித்தொடையை அணைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தான். ராஸ்கோ பயிற்சியை மறந்துபோனார். பழைய பழக்கத்தில் போய்த் தோளில் கை போட்டார். பதறிய பையன் வெடுக்கென்று திரும்பியதில் அவன் முழங்கை துப்பாக்கி உறையில் இடித்தது.

அடுத்த கணம் துப்பாக்கி ராஸ்கோவின் கையில் இருந்தது. எடுத்ததே அவருக்குத் தெரியவில்லை.

அவர் சுடவில்லை. ஆனால் வரிசை முழுவதும் தரையில் விழுந்தது. அந்தப் பேட்டையில் அதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தாய்மார் பிள்ளைகள்மேல் கவிழ்ந்தார்கள். டெமாரியோ குப்புற விழுந்து கைகளைப் பிடரியில் கோத்துக்கொண்டு, "சுடாதீங்க, சுடாதீங்க" என்று அழுதான். கடையில் நின்றுகொண்டிருந்தவர் ராஸ்கோ ஒருவர்தான்.

துப்பாக்கியை உறையில் செருகினார். "எழுந்திருங்க. நான்தான். நம்ம ராஸ்கோதான்."

ஒருவரும் அசையவில்லை. அவர் காலடியில் மிஸ் ஒடெஸா, கன்னம் தரையில் அழுந்தக் கிடந்தாள்.

"முழங்கால் வலிக்குது, சார். எழுந்திரிக்கலாமா, சார்?"

அவர் குனிந்து கை நீட்டினார். அவள் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள்.

கடையை மூடவில்லை. திருட்டு குறைந்ததில் முதலாளிக்கு நிம்மதி. வேலையை விட்டால் அந்த வெளியூர்க்காரன் வந்துவிடுவானே என்று ராஸ்கோ இன்றும் வாசலில்தான் நிற்கிறார். அவரைக் கடக்கும்போது ஜனங்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். சட்டைப்பையில் இருக்கும் கைகளை மெல்ல வெளியே எடுத்து, விரல்களை விரித்துக் காட்டியபடி போகிறார்கள். பிள்ளைகளுக்கும் பழக்கியிருக்கிறார்கள்.