அரைக்காதனுக்கு ஒட்டிய முழுக்காது

எங்கள் வீட்டு நாயை மாதம் தவறாமல் போட்டோ எடுக்கிறோம். முகம் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, வால் தெரிகிற மாதிரி பின்னாலிருந்து ஒன்று. எடுத்தது எடுத்தபடியே இருக்க வேண்டும், கம்ப்யூட்டர் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். கழுத்துப்பட்டையில் என் செல் நம்பர் தைத்திருக்கிறது. கேட்டுக்கு மேலே ஒரு கொண்டி, கீழே ஒரு கொண்டி. அவன் ஒரு தடவை தொலைந்துபோன பிறகு வந்த ஏற்பாடுகள் இவை.

அவன் நாட்டு நாய், செவலை நிறம். குட்டியில் நடந்த ஒரு சண்டையில் இடது காது பாதி போய்விட்டது. மூக்கின் மேல் ரோமம் முளைக்காத ஒரு தழும்பு. வாயை மூடினாலும் கீழ்ப்பல் ஒன்று வெளியே எட்டிப் பார்க்கும். என் கண்ணுக்கு அவனைவிட லட்சணமான ஜீவன் சிவகாசியிலேயே கிடையாது. வெடிச் சத்தம் கேட்டால் மட்டும் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வான். "ஊரு பூரா பட்டாசு செய்யுது, ஒங்க நாய் மட்டும் இந்த நடுங்கு நடுங்குதே" என்று தெருவே கேலி பேசும்.

அன்றைக்குப் புது பீரோ வந்து இறங்கியது. லோடு ஆட்டோவிலிருந்து அதை உள்ளே ஏற்றுகிற மும்முரத்தில் என் வீட்டுக்காரர் கேட்டைத் திறந்தே போட்டுவிட்டார். அந்த நேரம் பார்த்துத் தெருமுனைக் கல்யாண வீட்டில் சரம் கொளுத்தினார்கள். கட்டில் இருந்த அறை வாசலை பீரோ அடைத்துக்கொண்டு நின்றது. அவன் தெருவில் பாய்ந்தவன்தான், ஆள் கண்ணில் படவில்லை.

கறிக்கடை, பஸ் ஸ்டாண்டு, ஓடைக்கரை என்று குரல் கட்டும்வரை கூப்பிட்டுப் பார்த்தேன். சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரருக்குப் பகலெல்லாம் கம்ப்யூட்டரோடுதான் குடித்தனம். நான் வாய்விட்டுப் பேசியதெல்லாம் அவனிடம்தான். "நாய்தானே, வேற வாங்கிக்கலாம்" என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களை நான் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

வீட்டுக்காரருக்குப் பட்டாசு லேபிள் டிசைன் செய்கிற வேலை. "எட்டூருக்கும் தெரியிற மாதிரி நோட்டீஸ் போட்டுருவோம்" என்றார். போட்டும்விட்டார். நான் ஒரு பிரதியைப் பார்ப்பதற்குள் அச்சடித்து, வேலையாட்களை ஏற்றிப்போகிற வேன்கள் மூலம் கம்பெனி கேட்டுகள்வரை ஒட்டியாகிவிட்டது. பஸ் நிறுத்தத்துச் சுவரில்தான் முதலில் கண்டேன். பளபளவென்ற தாளில், தங்க நிறக் கதிர்களுக்கு நடுவே, இரண்டு முழுக்காதுகளோடு, தழும்பில்லாத மூக்கோடு, பல் வரிசையோடு ஒரு ராஜகுமாரன் நின்றான். மேலே 'காணவில்லை' என்று வாணம் வெடிக்கிற எழுத்து.

"இது யாரு?" என்று வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"கிழிஞ்ச காதோடயா ஊர் பாக்கப் போட முடியும்? வலது காதத்தான் திருப்பி இங்கிட்டு ஒட்டினேன்" என்றார். "படத்துல குறையப் பாத்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது."

அது உண்மைதான். எங்கள் கல்யாண போட்டோவில் என் மூக்கையும் அந்தக் கைதான் சரிசெய்தது. அன்றைக்குச் சிரித்தேன், இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி அடிக்கலாமென்றால் அச்சகத்தில் சீசன் ஆர்டர் ஓடுகிறது, மெஷின் காலியில்லை. முதலில் வந்த போன் விருதுநகரில் ஒரு பட்டாசுக் கடைக்காரரிடமிருந்து. 'காணவில்லை' என்பது புது ஐட்டமா, பெட்டி என்ன விலை என்று விசாரித்தார். அவரிடம் நான் பேசியதை இங்கே எழுத முடியாது.

இன்னொரு சாயங்காலம் ஒரு பெண் கூப்பிட்டாள்.

"அக்கா, நாரணாபுரத்துல இருந்து பேசுறேன். பட்டாசு கம்பெனியில வேலை பாக்கேன். ஒங்க நாய் கெடைச்சிருச்சா?"

"இல்லம்மா."

"அம்புட்டு அழகான நாயத் தொலைச்சிட்டுத் தவிக்கிறீகளேன்னு மனசு கேக்கல. எங்க கம்பெனி கேட்டுல ஆளில்லாத நாய் ஒண்ணு கெடக்கு. ஒங்க நாய் கெடைக்கிற வரைக்கும் இத வச்சுக்கிறீகளா?"

"எனக்கு வேற நாய் வேண்டாம்மா" என்று போனை வைக்கப் போனேன்.

"பாக்க நல்லாருக்காதுதான். பல்லு ஒண்ணு வெளிய நிக்கும், காது ஒண்ணு பாதிதான் இருக்கு. அதுக்காகக் கழிச்சிராதீக, குணம் தங்கம்க்கா."

"எந்தக் காது?" என்று நான் போட்ட சத்தத்தில் வீட்டுக்காரர் நாற்காலியைவிட்டு எழுந்தேவிட்டார்.

பைக்கில் போகும்போது அவர் வழியெல்லாம் சிரித்தார். வெடிக்குப் பயந்து ஓடியவன் பட்டாசு கம்பெனிக்கா போவான் என்று. போய் இறங்கியதும் எனக்குப் புரிந்தது. உள்ளே தீப்பெட்டி கூடாது, செல்போன் கூடாது, ஒருவரும் எதையும் கொளுத்த மாட்டார்கள். வேப்பமர நிழலில் தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள், இலை விழுகிற சத்தம்தான். அவனுக்கு மூளை இருக்கிறது என்று நான் எப்போதும் சொல்வேன்.

வேன் போன பிறகும் அந்தப் பெண் தூக்குவாளியோடு எங்களுக்காகக் காத்திருந்தாள். கேட்டுச் சுவரில் எங்கள் நோட்டீஸ். அதற்கு நேர் கீழே அவன் படுத்திருந்தான்.

நான் கூப்பிடக்கூட இல்லை. தலையைத் தூக்கியவன் ஒரே ஓட்டமாக வந்து மேலே விழுந்தான். உடம்பு முழுக்கச் சேர்ந்து ஆடியது. வால் என் முழங்காலில் பட்டுப் பட்டு அடித்தது. நான் மண்ணிலேயே உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் சுவரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "இதுவாக்கா அது?" என்றாள்.

பிறகு குனிந்து அவன் வாலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வைக்கிற சோத்தத் திம்பான், பக்கத்துல வந்து படுத்துக்கிடுவான். இவனுக்கு வாலாட்டத் தெரியாதுன்னுல்லக்கா இம்புட்டு நாளும் நெனச்சிருந்தேன்."