தசமத்துக்கும் மச்சினனுக்கும் நூற்றிருபது கிலோமீட்டர்

அலுவலகத்தில் அவரைத் தசமம் என்றுதான் கூப்பிடுவார்கள். மணி என்ன என்று கேட்டால் நொடி சுத்தமாகப் பதில் சொல்கிற மனுஷன். விண்கலம் எந்தப் பாதையில் போகிறது என்று கணிப்பதுதான் இருபத்தாறு வருஷப் பிழைப்பு. அதில் அவரை மிஞ்ச ஆளே இல்லை, மனைவியின் தம்பி அதே வேலைக்கு வந்து தொலைக்கும்வரை.

அங்கே ஒரு வழக்கம். கலம் கிரகத்தை நெருங்கும்போது இரண்டு அறைகள் தனித்தனியே பாதையைக் கணிக்கும். ஓர் அறை தசமத்துடையது. இன்னொன்றை மச்சினனிடம் கொடுத்தார்கள். "என் தம்பி மூளைக்காரன்" என்று மனைவி பூரித்துப்போனாள். தசமத்துக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

கடைசி நாள் காலையில் இரண்டு விடைகளும் பலகையில் ஏறின. கிரகத்துக்கு மேலே இருநூற்றுப் பத்து கிலோமீட்டரில் கலம் கடக்கும் என்றார் தசமம். தொண்ணூறு என்றான் மச்சினன். தொண்ணூறென்றால் காற்றில் உரசிச் சாம்பல்தான்.

"ஒரு மணி நேரத்துல முடிவு சொல்லுங்க" என்றாள் திட்டத்தின் தலைவி. "தொண்ணூறுன்னா எஞ்சினைப் போட்டுத் தூக்கணும். வீணா தூக்கினோம்னா கிரகத்தோட பிடிக்குச் சிக்காம கலம் போயே போயிடும்."

பெரிய கணக்குப்புலி! அவனைக் கவிழ்க்க ஒரு தப்பாவது கிடைக்காதா என்று தசமம் அவன் அனுப்பிய மெயில்களைத் துழாவினார். ஒரு பட்டியல் கிடைத்தது. கலத்தைத் திருப்ப அதற்குள் சுழலும் சக்கரங்களின் வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் கொஞ்சம் வாயு பீச்சுவார்கள். அது கலத்தையும் லேசாகத் தள்ளும். அந்தத் தள்ளலைப் புதிதாக அளந்து பதினெட்டு நாளுக்கு முன்பே அனுப்பியிருந்தான். இவன் என்ன எனக்குச் சொல்வது என்று தசமம் திறக்கவே இல்லை. பழைய அளவையே போட்டிருந்தார்.

புதியதைப் போட்டார். தொண்ணூற்றொன்று புள்ளி நான்கு.

வயிறு பற்றி எரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் தலைவி அனுபவத்தைத்தான் நம்புவாள். ஒரு நிமிஷம் அதையும் நினைத்தார். அப்புறம், "சே, நீயெல்லாம் ஒரு ஆளா" என்று தன்னையே திட்டிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடினார்.

மச்சினன் தன் விடையை அழித்துவிட்டு இருநூற்றுப் பத்து என்று எழுதிக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்ற?"

"நீங்க தப்பா போட மாட்டீங்க மாமா. எனக்குத்தான் எங்கேயோ இடிக்குது."

"அட மடையா, உன்னுதுதான் சரி! உன் பட்டியலை நான் திறந்தே பார்க்கல. வா, தலைவிகிட்ட நானே சொல்றேன்."

சொன்னார். எஞ்சினைப் போட்டார்கள். சாயங்காலம் கலம் பத்திரமாகக் கிரகத்தைச் சுற்றத் தொடங்கியது. எல்லோரும் மச்சினனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள், தசமமும் கைதட்டினார். மூளையும் அவனுக்கு, பேரும் அவனுக்கு, போகட்டும். தன்னை இத்தனை நம்புகிற அந்த நல்ல மனசும் அவனுக்கே வாய்த்திருக்கிறதே, அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.