அண்ணன் நடுவில் உட்கார வேண்டும்: ஜார்ஜ் டவுனில் மூன்று நாள்

பினாங்கு போகிறேன் என்று சொன்னாலே கிள்ளானில் எனக்குத் தெரிந்தவர்கள் சாப்பாட்டுக் கடைகளின் பட்டியலைக் கையில் திணித்துவிடுவார்கள். இந்த முறையும் திணித்தார்கள். ஆனால் நான் போனது முழங்கால்களை அளக்க. போன ஜூன் மாதம், ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு. சின்ன அரங்குக்கு இருக்கை போடும் யோசனையில் இருப்பவர்களுக்கும், சும்மா ஜார்ஜ் டவுனைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கும் இது உதவலாம். இரண்டாவது வகையினர் சென்டிமீட்டர் வரும் இடங்களைத் தாண்டிப் படித்துக்கொள்ளுங்கள், எனக்குக் கோபம் வராது.

நான் அரங்க இருக்கைகள் செய்து பொருத்தும் ஒரு நிறுவனத்தில் வரைபடம் போடுகிறேன். லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ் நாடகக் குழு, பழைய மசாலாக் கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து அரங்காக மாற்றிக்கொண்டிருக்கிறது. அந்த வேலை என்னிடம் வந்தது. வந்தது என்ன, நானே மேலதிகாரியிடம் கேட்டு வாங்கினேன். காரணம் என் சொந்த அண்ணன் கேசவன்.

அண்ணன் பினாங்குத் தீவிலேயே கெலுகோரில் இருக்கிறார், என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஆறு வருஷத்துக்கு முன் மோட்டார் சைக்கிள் விபத்து. அதிலிருந்து வலது முழங்கால் மடங்காது. நடப்பார், ஆனால் உட்கார்ந்தால் அந்தக் கால் குச்சி போல முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு முன் நாங்கள் இருவரும் சேர்ந்து பார்க்காத தமிழ் நாடகம் குறைவு. நான் வடக்கே போவேன், இல்லாவிட்டால் அவர் தெற்கே வருவார். எங்கே போனாலும் நடு வரிசை, நடு இருக்கைதான் வேண்டும் என்பார்.

விபத்துக்குப் பிறகு ஒரே ஒரு முறை கூட்டிக்கொண்டு போனேன். வசதியாக இருக்கட்டும் என்று ஓர இருக்கை வாங்கினேன். அந்தப் பக்கமாக உள்ளே போன பதினோரு பேரும் அவர் காலைத் தாண்டித்தான் போனார்கள். சிலர் மிதித்தார்கள், சிலர் “ஐயோ பாவம்” என்றார்கள். இடைவேளையில் பதினோரு பேரும் மறுபடி வெளியே வந்தார்கள். அண்ணன் அவர்களோடு எழுந்து போனவர்தான், அதன் பிறகு எந்த அரங்குக்கும் வரவில்லை. நான் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறேன். நல்ல வசனம் ஒன்று வந்தால் இன்னும் பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறேன். பக்கத்தில் யாரோ இருப்பார்கள்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை காலை ஆறு பத்துக்குக் கிள்ளானில் ரயில் ஏறி, கோலாலம்பூர் சென்ட்ரலில் எட்டு மணி ரயிலைப் பிடித்தேன். பட்டர்வொர்த் வரை அறுபத்து மூன்று வெள்ளி (ரிங்கிட்), நாலேகால் மணி நேரம். ரயிலில் குளிர் எலும்பு வரை போகும், சால்வை அவசியம். பட்டர்வொர்த் நிலையத்திலிருந்து படகுத்துறை வரை கூரை போட்ட பாதை. படகுக்கு இரண்டு வெள்ளி, கடக்க இருபது நிமிடம் கூட ஆகாது. தீவில் இறங்கி லிட்டில் இந்தியா வரை நடந்தேன், பன்னிரண்டு நிமிடம். மார்க்கெட் ஸ்திரீட்டில் வாழையிலைச் சாப்பாடு பதின்மூன்று வெள்ளி. ரசம் பிரமாதம், அப்பளம் நமுத்துப்போயிருந்தது.

மூன்று மணிக்கு அரங்கில் சிவநேசன் அண்ணன் காத்திருந்தார். நாடகக் குழுவின் தலைவர், குவீன் ஸ்திரீட்டில் துணிக்கடை வைத்திருப்பவர். நீளமான கிடங்கு. இருக்கைக்கு என்று கிடைப்பது ஏழு மீட்டர் இருபது. அவர் கணக்கு எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு பேர். வரிசைக்கு வரிசை தொண்ணூறு சென்டிமீட்டர். அப்படிப் போட்டால் உட்கார்ந்திருப்பவரின் முழங்காலுக்கும் முன் நாற்காலியின் முதுகுக்கும் நடுவே இருபது சென்டிமீட்டர்தான் மிஞ்சும். ஒருவர் உள்ளே போக, வரிசையே எழுந்து நிற்க வேண்டும். என் கணக்கு ஏழு வரிசை, நூற்றிரண்டு சென்டிமீட்டர். முப்பத்திரண்டு மிஞ்சும். உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருக்கலாம், போகிறவர் பக்கவாட்டில் நடந்து போய்விடலாம்.

“ஒரு வரிசையே போயிருதே தங்கச்சி! பன்னெண்டு பேர வாசல்ல நிக்க வைக்கச் சொல்றீங்களா?” என்றார்.

“உள்ள வந்தவங்க நிம்மதியா உக்காரணும்ண்ணே.”

“ரெண்டு நிமிசம் எந்திரிச்சா என்னா லா குறைஞ்சிரும்?”

சனிக்கிழமை மதியம் ஒத்திகைக்கு அக்கம்பக்கத்தவர்களை அழைத்திருந்தார்கள். அதில் நூற்றிரண்டைச் சோதித்துக் காட்டுகிறேன், வேலை செய்யாவிட்டால் எட்டு வரிசைக்கே வரைந்து தருகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். வாய்க்கொழுப்புதான்.

மாலை ஐந்தரைக்கு அண்ணன் வீட்டுக்குக் கார் பிடித்தேன். கெலுகோருக்கு எட்டு கிலோமீட்டர் இருக்கும், பதினான்கு வெள்ளி. வேலை விடும் நேரம் என்பதால் நாற்பது நிமிடம் ஆனது. அவசரம் இருந்தால் நாலரைக்கே கிளம்பிவிடுங்கள். ஓட்டுநர் தம்பி என் கையிலிருந்த அளவு நாடாவைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “வீடு வாங்கப் போறீங்களாக்கா?” என்றார்.

“இல்ல தம்பி, நாடகக் கொட்டகைக்கு நாற்காலி போடப் போறேன்.”

“அதுல ஓர சீட்டு மட்டும் வைக்காதீங்க. நான் படம் பாக்கப் போனா எப்பவும் ஓரந்தான், பாத்ரூம் போக வசதின்னு. ஆனா உள்ள போறவன், வெளிய வர்றவன் எல்லாம் என் கால மிதிச்சிட்டுத்தான் போறான்.”

ஓரம் இல்லாமல் வரிசை ஏது என்று சிரித்தேன். பாதி தூரம் போன பிறகுதான் உறைத்தது. வரிசைக்கு இரண்டு பக்கமும் நடைவழி இருக்கிறது. இடது பாதி இடது பக்கமாகப் போகும், வலது பாதி வலது பக்கமாகப் போகும். நட்டநடுவில் இருப்பவரை யாருமே தாண்ட வேண்டியதில்லை. மடங்காத கால் உள்ள ஒருவரை இரக்கப்பட்டு நாமெல்லாரும் ஓரத்தில் உட்கார வைக்கிறோம். அவருக்கு அதைவிட மோசமான இடம் அரங்கில் கிடையாது. இந்த வேலையில் இத்தனை வருஷம் இருந்துவிட்டு, என் சொந்த அண்ணனை நானே அங்கே உட்கார வைத்தேன். காரில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பி நல்லவேளை சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் கதவைத் திறந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் மசியவில்லை.

“நடுவுக்குப் போற வரைக்கும் எத்தன பேரு எந்திரிக்கணும்? நான் என்னா பட்டம் வாங்குன டத்தோவா? வேணாம் பாப்பா.”

“யாரும் எந்திரிக்க வேணாம். அதுக்குத்தான் அளவு எடுக்கிறேன். உங்க கால் எனக்கு வேணும்ண்ணே. ஒரு நாற்காலிக்கு உதவின்னு நெனச்சுக்குங்க.”

“கால் மட்டுந்தான் வரும். நாடகம் பாக்க மாட்டேன்” என்றார். எனக்கு அது போதும் போல இருந்தது.

சனிக்கிழமை காலை அண்ணன் ஜார்ஜ் டவுனுக்கு வந்ததும், ஒன்பதுக்குப் பசியாறிவிட்டு (ரொட்டி சானாய் இரண்டு, தே தாரிக் ஒன்று, ஆறு வெள்ளி) அரங்குக்குப் போனோம். தரையில் வெள்ளை நாடா ஒட்டி, வாடகைப் பிளாஸ்டிக் நாற்காலிகளை நூற்றிரண்டுக்கு அடுக்கினேன். நிறுவனத்திலிருந்து மாதிரிக்கு மூன்று இருக்கைகள் முன்பே வந்திருந்தன. தனித்தனிக் கால்கள் இல்லாமல் ஒரே இரும்புத் தண்டின் மேல் பொருத்தியவை, அடியில் திறந்த இடம். அவற்றை மூன்றாம் வரிசை நடுவில் வைத்து, பின்னால் நான்காம் வரிசை ஆறாவது இடத்தில் அண்ணனை உட்கார வைத்தேன். முதுகிலிருந்து குதிகால் வரை நூற்றாறு சென்டிமீட்டர். கால் முன் இருக்கையின் அடியில் சுகமாகப் போய்ப் படுத்தது. அண்ணன் இரண்டு கையையும் தொடையில் வைத்துக்கொண்டு மேடையை நேராகப் பார்த்தார். மேடையில் ஒன்றும் இல்லை, ஏணியும் இரண்டு பெயின்ட் டப்பாவும்தான். ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தார். மத்தியானம் திரும்பி வருவீங்களா என்று நான் கேட்கவில்லை. “மூணு மணிக்குத்தானே?” என்று அவரே கேட்டார்.

மூன்று மணிக்கு நாற்பத்தைந்து பேர் வந்தார்கள். சோதனை சோதனையாக இருக்க வேண்டும் என்று நான்காம் வரிசையில் ஆறாவது இடத்தை மட்டும் விட்டு எல்லாரையும் உட்கார வைத்தேன். பிறகு அண்ணனை இடது பக்கமாக அனுப்பினேன். முதலில் இருந்த பச்சைச் சேலை அக்கா அவர் காலைப் பார்த்தார், “வாங்கண்ணே, வாங்க” என்று எழுந்து நின்றார். எழுந்திருக்கத் தேவையே இல்லை, முப்பத்திரண்டு சென்டிமீட்டர் இருக்கிறது என்று நான் பின்னாலிருந்து கத்தாத குறை. அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர், வரிசை முழுக்க எழுந்துவிட்டது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு வரிசை எழுந்த சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்த மற்றவர்கள், கடவுள் வாழ்த்து தொடங்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். மூன்றாம் வரிசை எழுந்தது, பிறகு முன் வரிசைகள் இரண்டும். நாற்பத்தைந்து பேரும் கையைக் கட்டிக்கொண்டு, பக்தியாக, சத்தமே இல்லாமல் நிற்கிறார்கள். நடுவில் என் அண்ணன் ஒற்றைக் காலை நீட்டியபடி பாதி வழியில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். காது மடல் வரை சிவந்துவிட்டது. அப்படியே திரும்பி, வந்த வழியே வெளியே போனார்.

பின்னாலேயே ஓடினேன். பக்கத்துக் கடை முன்னால் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். “போ பாப்பா, போய் உன் வேலையப் பாரு” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். உள்ளே வந்தால் சிவநேசன் அண்ணன். “பாத்தீங்களா? எடம் குடுத்தாலும் நம்மாளுங்க எந்திரிப்பாங்க. அப்பறம் எதுக்கு லா ஏழு வரிசை? எட்டே போட்டுருங்க.” நான் முழங்காலை அளந்தேன், தொடையை அளந்தேன், நாற்காலி முதுகின் தடிமனைக்கூட அளந்தேன். நம்மவர்களின் மரியாதையை அளக்கவில்லை.

நாலு மணிக்குச் சின்ன இடைவேளை. குழுவினர் உளுந்து வடையும் தேநீரும் இருக்கைக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். எல்லார் மடியிலும் காகிதத் தட்டு, கையில் சுடச்சுடக் குவளை. நான் பின்சுவரில் சாய்ந்து, எட்டு வரிசைக்கான படத்தை மனசுக்குள் வரைந்துகொண்டிருந்தேன். சிவநேசன் அண்ணன் என் தோளைத் தட்டினார். நான்காம் வரிசையில் ஆறாவது நாற்காலியில் ஒரு நரைத்த பின்னந்தலை. எப்போது வந்தார், எப்படிப் போனார், நான் பார்க்கவே இல்லை. சிவநேசன் அண்ணன் பார்த்திருக்கிறார்.

“ஒருத்தரும் எந்திரிக்கல” என்றார். மோவாயைத் தடவிக்கொண்டார். “சரி லா. ஏழு.”

பிறகு பச்சைச் சேலை அக்காவைக் கேட்டேன். “கையில தே, மடியில வடை, எப்படி எந்திரிக்கிறது? முழங்கால ஒதுக்கினேன், அவரு பாட்டுக்குப் போயிட்டாரு. எடந்தான் தாராளமா இருக்கே” என்றார், ஏதோ அவரே கண்டுபிடித்தது போல. நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையில், நாடகத்துக்கு முன் “யாராவது கடந்தால் எழுந்திருக்க வேண்டாம், காலை ஒதுக்கினால் போதும்” என்று அறிவிக்க வேண்டும் எனச் சேர்த்தேன். வடை தர வேண்டும் என்று அறிக்கையில் எழுத முடியாது.

அடுத்த நாற்பது நிமிடமும் நான் பின்சுவரிலேயே நின்றேன். அண்ணனுக்கு இரண்டு பக்கமும் ஆள் இருந்தார்கள். ஒருவரை இடம் மாற்றச் சொல்லிப் போய் உட்கார்ந்திருக்கலாம்தான். ஆனால் நான் போனால் வரிசை கலையும், அவர் திரும்பிப் பார்ப்பார், எல்லாரும் அவரைப் பார்ப்பார்கள். அதற்குப் பயந்து நின்றேன். நாடகம் என்ன என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒரு பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இரண்டு முறை வலது பக்கம் திரும்பியது. நான் எப்போதும் உட்காரும் பக்கம் அது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அரங்குக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று லிட்டில் இந்தியா ஓரத்தில் நான் தங்கிய அறை ஓர் இரவுக்குத் தொண்ணூற்றைந்து வெள்ளி, சுத்தம், ஆனால் மாடிப்படி செங்குத்து. முழங்கால் பிரச்சினை உள்ளவர்கள் கீழ்த்தள அறை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். வார இறுதி ரயிலுக்கு இரண்டு வாரம் முன்னாலேயே டிக்கெட் வாங்குங்கள். அரங்கு கட்டுகிறவர்கள் வரைபடத்தை நம்பாதீர்கள், நாற்காலியை அடுக்கி ஆளை உட்கார வைத்துப் பாருங்கள், கைப்பையும் ஹெல்மெட்டும் தரையில் இருக்கும்போது பாருங்கள். கால் முடியாதவரை ஓரத்தில் உட்கார வைக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஞாயிறு காலை எட்டரைக்கு அண்ணன் படகுத்துறைக்கு வழியனுப்ப வந்தார். நாடகத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை. படகுக்கு ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். பையைத் தோளில் மாட்டியபோதுதான் சொன்னார்.

“ரெண்டாவது காட்சியில அந்த அப்பன்காரன் பொய் சொன்னான் பாரு, ஒரு வார்த்த சொல்லலாம்னு திரும்புறேன், பக்கத்துல எவனோ ஒருத்தன் வாயத் தொறந்து தூங்குறான். நீ எங்க போன பாப்பா?”

பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். ஏறிவிட்டேன். ஆறு வருஷமாக ஒவ்வொரு அரங்கிலும் நான் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியும் அதுதான்.