டிக்கெட் இல்லாத ஆடு

"கெர்ட்ரூட் சூசைநாதன், ஆசியாக் கண்டத்தின் தலைசிறந்த ஆட்டு விஞ்ஞானி. ஒன்பது விரலைக் கட்டிப் போட்டாலும் மிச்சமிருக்கும் ஒரு விரலால் சர்க்யூட் போர்டு செய்வார். ராக்கெட் விடுகிறவர்கள் வாசலில் வந்து நின்று கெஞ்சியும், 'சனிக்கிழமை சர்ச்சில் பூ வைக்கிற முறை என்னுடையது' என்று சொல்லிக் கதவைச் சாத்தியவர். இவர் தும்மினால் கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் ஆடும்."

இதில் பூ வைக்கிற விஷயம் மட்டும் உண்மை. மற்றதெல்லாம் விவியன் விட்ட புளுகு.

விவியனுக்குப் பதினெட்டு வயது. ஐந்தாம் படிவத்தோடு பள்ளிக்கூடமும் அவளும் பிரிந்துவிட்டார்கள். இரண்டு தரப்பிலும் பெரிதாக வருத்தம் இல்லை. இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் கைப்பேசி உறை விற்கும் கடையில் வேலை. மோட்டார் சைக்கிள் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தாள். மோட்டார் இன்னும் வரவில்லை, ஆனால் மஞ்சள் ஹெல்மெட் மட்டும் முன்கூட்டியே வந்து வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கியது. ஒருமுறை அடுக்குமாடி லிஃப்ட்டில் 'உள்ளே பாடினால் அபராதம்' என்று அறிவிப்பு ஒட்டினாள். குடியிருப்போர் சங்கம் கூட்டம் போட்டு, அந்த அபராதத்தைக் குறைக்க வேண்டும் என்று தீர்மானமே போட்டது.

கெர்ட்ரூட் ஆன்டிக்கு வீடு அதே கட்டடத்தில், ஒரு மாடி மேலே. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில், சர்க்யூட் போர்டுகளைப் பூதக்கண்ணாடி வழியே பார்த்து, ஈயம் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று சோதிப்பது அவருடைய வேலை. சாயங்காலம் கம்பெனி வேன் இறக்கிவிட்டதும் குளித்து, கோப்பி கலக்கி, பழைய சாம்பல் நிற வீடியோ கேம் பெட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவார். சிறுமியாக இருந்தபோது ரயில்வே குவார்ட்டர்ஸில் அப்படி ஒரு பெட்டி இருந்தது. அதைச் சுற்றிப் பையன்கள் இருந்தார்கள். "அடுத்தது உன் முறை" என்று சொல்லிக்கொண்டே வளர்ந்து, மீசை முளைத்து, கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டார்கள். முறை வரவில்லை. அதனால் ஆன்டி கிள்ளானில் பழைய சாமான் கடையில் சொந்தமாக ஒரு பெட்டி வாங்கினார். இனி எவனும் முந்த முடியாதபடி அதற்குச் சொந்தமாக ஒரு கேமும் எழுத ஆரம்பித்தார்.

கேமின் பெயர் 'டிக்கெட் இல்லாத ஆடு'. கல்யாண வீட்டு பிரியாணிக்காகக் கிள்ளானில் கட்டிவைத்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு கொமுட்டர் ரயிலில் ஏறிவிடுகிறது. கே.எல். சென்ட்ரல் வரை அது பிடிபடாமல் வந்து சேர வேண்டும். துரத்துகிறவர் மீசைக்கார டிக்கெட் பரிசோதகர். அந்த மீசை ஆன்டியின் அப்பாவுடையது. அவரும் அதே வேலையில் இருந்தவர்.

கேமை முழுக்க ஆடிப் பார்த்தது உலகத்தில் விவியன் ஒருத்திதான். எங்கே உடையும் என்று தேடித் தேடி உடைப்பதில் அவளுக்கு இறைவன் கொடுத்த வரம் உண்டு. ஷா ஆலம் நிலையத்தில் கீழ்ப் பொத்தானையும் குதிக்கிற பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் ஆடு கூரையைப் பிய்த்துக்கொண்டு ரயில் மேலே போய் நின்றுவிடும். பரிசோதகர் கீழே முன்னும் பின்னுமாக ஓடுவார். ஆடு காற்றை மென்றுகொண்டு நிற்கும்.

அது பிழை, சரிசெய்ய வேண்டும் என்றார் ஆன்டி.

"வேணாம் ஆன்டி, பாவம் லா," என்றாள் விவியன். "கிள்ளான்லேருந்து மூச்சு வாங்க ஓடி வந்துருக்கு. கொஞ்ச நேரம் மேல நிக்கட்டுமே."

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு ஆன்டி கோப்பியை எடுத்துக்கொண்டார்.

கேம் இருந்தால் போதாது, பெட்டியில் செருகும் கேசட்டாக வர வேண்டும். போர்டு, பிளாஸ்டிக் கூடு, அச்சடித்த பெட்டி எல்லாம் மொத்தமாகத்தான் செய்து தருவார்களாம். அதற்காக ஆன்டி இணையத்தில் கூட்டு நிதிப் பக்கம் ஒன்று திறந்தார். பழைய பெட்டிகளுக்குப் புது கேம் வாங்கும் பைத்தியங்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், முன்பணம் கட்டுவார்கள். ஆனால் குறித்த நாளுக்குள் குறித்த தொகை சேராவிட்டால் கட்டின பணம் அவரவருக்கே திரும்பிவிடும், கேசட்டும் கிடையாது. அப்படி ஆகிவிட்டால் பெட்டியைத் துடைத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிடுவேன் என்று ஆன்டி அமைதியாகச் சொன்னார். அழுது சொல்லியிருந்தாலாவது கிண்டல் செய்திருக்கலாம். இப்படிச் சொன்னால் என்ன செய்வது? அன்று இரண்டு மாடிப் படி இறங்கிய பிறகுதான் தன் மாடியைத் தாண்டிவிட்டது விவியனுக்கு உறைத்தது.

அந்த இணையப் பக்கத்தில் 'கேமைச் செய்தவர் பற்றி' என்று ஓர் இடம் இருந்தது. ஆன்டிக்குத் தன்னைப் பற்றி எழுதக் கூச்சம். விவியனை எழுதச் சொன்னார். மேலே உள்ள புளுகு அப்படிப் பிறந்ததுதான். படித்ததும் ஆன்டி திட்டுவார், அதன்பிறகு ஒழுங்காக ஒன்று எழுதித் தரலாம் என்பது திட்டம். ஆன்டியோ வேலைக்கு வேன் வந்துவிட்ட அவசரத்தில் ஒரு வரி படிக்காமல் அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலத்துக்குள் அதை ஊரே பகிர்ந்து சிரித்தது. ஜெர்மனிக்காரர் ஒருவர், ராக்கெட் விஷயம் உண்மையா என்று அந்தப் பக்கத்திலேயே கேட்டிருந்தார். ராக்கெட் பொய், பூ உண்மை, கப்பல் பற்றித் துறைமுகத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்று ஆன்டி மரியாதையாகப் பதில் போட்டார். அந்தப் பதில் புளுகைவிட வேகமாகப் பரவியது. காஜாங்கிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஆட்டுக்கு ஆதரவு குவிந்தது. பணம் சேரச் சேர இணையப் பக்கத்தில் ஓர் ஆட்டுப் படம் நிலையம் நிலையமாக நகரும். ஆன்டியின் கணவர் மார்க் அங்கிள் லோரி ஓட்டிக்கொண்டே ஒவ்வொரு நிறுத்தத்திலும் அழைத்து, "ஆடு எந்த ஸ்டேஷன்ல இருக்கு?" என்று கேட்பார்.

ஆடு சென்ட்ரலுக்கு முந்தின நிலையம் வரை வந்து நின்றுவிட்டது. கடைசி வாரம் முழுக்க அசையவில்லை. முடிகிற நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆன்டி பூசைக்குப் போனார். போவதற்கு முன் பெட்டியைத் துடைக்க ஒரு துணியை எடுத்து மேசைமேல் வைத்திருந்தார். ஆன்டி கிளம்பும்போது வீட்டுச் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளப் போன விவியன் அந்தத் துணியைப் பார்த்தாள்.

ஆன்டி பூசையிலிருந்து திரும்பியபோது தொகை நிறைந்து, ஆடு சென்ட்ரலில் இறங்கியிருந்தது. டெங்கிலைச் சேர்ந்த, டத்தோ பட்டம் வாங்கிய தம்புசாமி என்ற தோட்ட முதலாளி மிச்சப் பணத்தைக் கட்டி ஒரே அடியாகத் தூக்கிவிட்டிருந்தார். மார்க் அங்கிள் லோரியைக் காஜாங்குக்கு விட்டு, ஒரு கல்யாணத்துக்குப் போதுமான அளவு, குச்சியில் குத்திச் சுட்ட சாத்தே இறைச்சி வாங்கி வந்தார். வரவேற்பறையில் ஆன்டி செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரு சுற்று ஆடினார். அவர் ஆடி யாரும் பார்த்ததில்லை. விவியன் கைப்பேசியில் படம் பிடித்தாள், பிறகு மிரட்ட உதவும் என்று. படம் மட்டும் ஏனோ கலங்கலாக வந்தது.

டத்தோ எப்படிப்பட்டவர் என்று மார்க் அங்கிளுக்கு ஒரே ஆர்வம். விவியன் விளக்கினாள். கடையில் உறை வாங்க வந்திருக்கிறாராம். ஆறடி உயரம், கையில் தங்கப் பிரம்பு, செம்பனைத் தோட்டத்தில் யானை கட்டியிருக்கிறாராம். ஆன்டி சாத்தேக் குச்சியைச் சுவைத்தபடி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு டத்தோ பணத்தோடு அனுப்பிய செய்தியைத் திறந்து வாய்விட்டு வாசித்தார்.

"மதிப்பிற்குரிய அம்மையீர், தங்கள் கேம் என் முதுமைக்கு ஒளி. ஒரே வேண்டுகோள். ஷா ஆலத்தில் ஆடு கூரைமேல் நின்று இளைப்பாறுவதைத் தயவுசெய்து சரிசெய்துவிட வேண்டாம்."

தங்கமான மனுஷன், ஆட்டின் மனசு தெரிந்தவர் என்றார் மார்க் அங்கிள். அதைத்தான் நானும் எப்போதும் சொல்லுவேன் என்றாள் விவியன்.

ஆன்டி கேம் பெட்டியின் சுவிட்சைப் போட்டார். பெரிய தொகை கட்டியவர்களை ரயிலில் பயணியாக வரைவதாக வாக்குக் கொடுத்திருந்தார்; அங்கிள் காஜாங் போய் வருவதற்குள் டத்தோவை வரைந்து முடித்திருந்தார். ஷா ஆலத்தில் விவியன் வழக்கம்போல இரண்டு பொத்தானையும் அழுத்தினாள். கூரை திறந்தது. மேலே ஆடு நின்றது. அதன் பக்கத்தில் கோட்டும் டையுமாக டத்தோ உட்கார்ந்திருந்தார். தலையில் மஞ்சள் ஹெல்மெட்.

விவியன் பொத்தான்களை விட்டுவிட்டுச் சாத்தேத் தட்டைப் பார்த்தாள்.

"பணம் கேட்டுப் போட்ட வீடியோல கிள்ளான் ஸ்டேஷன் மட்டும்தான் காட்டினேன்," என்றார் ஆன்டி. "கூர விஷயம் எனக்கும் இன்னொரு ஆளுக்கும்தான் தெரியும்." தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "சாத்தே ஆறுது, சாப்பிடுங்க டத்தோ. முதல் கேசட் ஒங்களுக்குத்தான். ஆனா மோட்டார் இல்லாம இனிமே கடைக்கு எப்படிப் போவீங்க, யானையிலயா?"