அண்ணி போனுக்கு வைத்த காவல்

எங்கள் பெரியப்பாவின் மூத்த மகன் டவுன் பஸ் ஓட்டியவர். அவருக்கு வாய்த்தவள்தான் இந்த அண்ணி. பிறந்த வீட்டு வழியில் அவள் என் மாமியின் அக்கா மகள். இந்தப் பக்கம் வாழ்க்கைப்படாமல் போயிருந்தாலும் அந்தப் பக்கத்து உறவு விட்டுப்போயிருக்காது.

அண்ணிக்கு வேலை ஒரு பெரிய ஓட்டலின் சலவைக் கூடத்தில். கட்டடத்துக்கு அடியில், ஜன்னலே இல்லாத கூடம். வெளியே வெயிலா மழையா என்பது வேலைக்கு வருகிறவர்களின் செருப்பைப் பார்த்தால்தான் தெரியும். காலையில் போய் நின்றால் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே இருக்க வேண்டும். விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது, மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். அண்ணிக்கு மறுமுனை ட்ரையர்காரி. துணி உலர்த்தும் மெஷினையும் பார்த்துக்கொண்டு மடிக்கவும் வருகிறவள். வாய் ஓயாது, மனசு வெள்ளை.

அண்ணனுக்கு வேலை ஓய்ந்தபின் மறதி வந்துவிட்டது. பெற்ற மகளின் பெயர் மறந்தது, சாப்பிட்டது மறந்தது, பஸ் மட்டும் மறக்கவில்லை. திடீரென்று சட்டையை மாட்டிக்கொண்டு, "ட்யூட்டிக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிடுவார். வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும்படி சொல்லாதவர்கள் இல்லை. அண்ணி பீரோவைப் பூட்டுவாள், அரிசி டப்பாவைக்கூடப் பூட்டுவாள். "மனுஷனைப் பூட்ட எனக்குக் கை வராது" என்றுவிட்டாள். எதிர்வீட்டு டெய்லரம்மா தைத்துக்கொண்டே ஒரு கண் வைத்திருப்பாள். அண்ணன் வாசலைத் தாண்டினால் உடனே போன் பண்ணுவாள். அந்த ஒரு போனை நம்பித்தான் அண்ணி நின்று வேலை பார்த்தாள்.

அந்தப் போன்தான் பஸ் நெரிசலில் திருட்டுப் போனது. போனதும் போனது, அண்ணன் கிளம்பின நாளாகப் பார்த்துப் போனது. டெய்லரம்மா கூப்பிட்ட அழைப்பெல்லாம் எவனோ ஒருவன் பையில் அடித்து ஓய்ந்தது. இருட்டுகிற நேரத்துக்கு அண்ணனை யாரோ கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டார்கள்.

புதுப் போன் வாங்கியதும் அண்ணி பார்த்தவர்களிடமெல்லாம் யோசனை கேட்டாள். என் கடைசித் தம்பியின் மருமகன் ஒரு ஆன்டிவைரஸ் ஆப்பைப் போட்டுக் கொடுத்தான். வெளியூரில் இருக்கும் அண்ணியின் மகள் போனிலேயே சொல்லிச் சொல்லி இன்னொன்றைப் போடவைத்தாள். மூன்றாவது, "உங்கள் போனில் வைரஸ் உள்ளது, உடனே அழுத்தவும்" என்று தானாகச் சிவப்பாக வந்தது. பயந்துபோய் அதையும் அழுத்தினாள். போன் தோசைக்கல்லாய்க் கொதித்தது. அவள் விரல் வைத்தால், அது யோசித்து, பெருமூச்சு விட்டு, பிறகு திறந்தது.

போன் ரிப்பேர் கடைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"ஏம்மா, ஒரே அடுப்படியில மூணு மாமியாரை விட்டா சமையல் நடக்குமா?"

"ஒருத்தி அசந்தா இன்னொருத்தி முழிச்சிருப்பான்னுதான் தம்பி."

"இவங்க மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர்தான் பாத்துட்டு இருக்காங்க. இந்த மூணாவதுதான் திருடன். காவல்காரன் சட்டையைப் போட்டுட்டு வந்திருக்கான். சிவப்பா மிரட்டி வர்ற எதையும் தொடாதீங்க."

இரண்டை எடுத்துவிட்டு ஒன்றை வைத்தார். தொலைந்த போன் எங்கே இருக்கிறது என்று வேறொரு போனில் பார்க்கும் வசதி போனிலேயே இருக்கிறது, லொகேஷனையும் நெட்டையும் அணைக்காமல் இருந்தால் போதும் என்றார். அதைத் திறக்கும் கணக்கின் பாஸ்வேர்டை மனப்பாடம் பண்ணச் சொன்னார். "நான் விட்டு வச்சிருக்கிற ஆப்ல இன்னும் நிறைய வசதி இருக்கு. எல்லாத்தையும் போட்டுடாதீங்க, தேவையானதை மட்டும் போடுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

சூடு கண்டவளுக்குத் தேவையானது எது, தேவையில்லாதது எது? அண்ணி எல்லாவற்றையும் போட்டாள். அதில் ஒன்று, கீழே வைத்த போனை யாராவது எடுத்தாலோ நகர்த்தினாலோ அலறுகிற காவல்.

சலவைக் கூடத்தில் ஒரு வழக்கம். ஈரமும் பஞ்சுத்தூசும் படும் என்று எல்லார் போனும் சூப்பர்வைசர் மேஜைமேல் ஒரு நீலப் பிளாஸ்டிக் பேசினில் கிடக்கும். யாருடையது அடித்தாலும் பக்கத்தில் இருப்பவள் எடுத்து, "அவ வேலையா இருக்கா, என்ன விஷயம்?" என்று கேட்டுக் கத்திச் சொல்வாள். அண்ணியின் போனைத் தள்ளிவைத்துவிட்டுத் தன் போனை எடுக்கப் போனாள் ட்ரையர்காரி. அது போட்ட அலறலில் மேலே ரிசப்ஷனிலிருந்து ஆள் ஓடிவந்தார். சூப்பர்வைசர் வாங்கு வாங்கென்று வாங்கினார்.

"அக்கா, இது போனா, பிரசவ வார்டா?" என்றாள் ட்ரையர்காரி. அன்றிலிருந்து அந்தப் போனை ஒருத்தியும் தொடவில்லை. அண்ணிக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு ஒரு நாள் போன் அடித்தது. மெஷின் இரைச்சலில் அண்ணிக்குக் கேட்கவில்லை. மேஜை அருகே இருந்தவர்களுக்குக் கேட்டது. கை நீட்டியவர்கள் அலறலை நினைத்து இழுத்துக்கொண்டார்கள். மறுபடி அடித்தது, மறுபடி ஓய்ந்தது. டீ நேரத்தில் போனைப் பார்த்த அண்ணி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் டெய்லரம்மா.

அன்றைக்கு அண்ணன் கிடைத்தது பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு சாக்கடை ஓரத்தில். முழங்கால் கிழிந்திருந்தது. அண்ணி காயத்தைக் கழுவி மருந்து போட்டாள். கூட வந்திருந்த ட்ரையர்காரிதான் அழுதாள். "நான் எடுத்திருக்கணும்க்கா. அந்தச் சனியனுக்குப் பயந்துட்டேன்."

"உன்னைச் சொல்லி என்ன ஆகப்போகுது? திருடன் எடுத்தாலும் எனக்குக் கேக்கல, நான் பூட்டினாலும் எனக்குக் கேக்கல" என்றாள் அண்ணி.

அடுத்த நாள் அலறலை எடுத்துவிட்டாள். தொலைந்த போனைக் காட்டும் வசதியை மட்டும் வைத்தாள். தன் கணக்கை ட்ரையர்காரி போனில் திறந்து கொடுத்தாள். டெய்லரம்மாவும் இனி அந்த நம்பருக்கே கூப்பிடுவதாக ஏற்பாடு. பிறகு டெய்லரம்மாவிடம் அண்ணனின் சட்டைகளைக் கொடுத்து, உள்பக்கம் பட்டன் வைத்த பாக்கெட் தைக்கச் சொன்னாள். புதுப் போன் அந்தப் பாக்கெட்டுக்குப் போயிற்று. அண்ணி போனில்லாமல் வேலைக்குப் போனாள்.

ட்ரையர்காரி தன் போனை இப்போது பேசினில் போடாமல் இடுப்பில் செருகிக்கொண்டாள். விரிப்பை விரித்துப் பிடிக்கும்போதெல்லாம் மறுமுனையிலிருந்து சேதி வரும். "மாமா வீட்லதான் இருக்காருக்கா." "சார்ஜ் குறையுதுக்கா, நாளைக்கு நல்லா ஏத்தி வைங்க." அண்ணி தலையை மட்டும் ஆட்டுவாள்.

ஒரு மத்தியானம் ட்ரையர்காரி ஒரு கையில் விரிப்பும் மறுகையில் போனுமாக நின்றுவிட்டாள். "அக்கா, மேப்ல புள்ளி நகருது."

அண்ணி கையிலிருந்த முனையை அவள் முனையோடு சேர்த்து மடித்துக் கொடுத்துவிட்டு, அவள் போனை வாங்கிக்கொண்டு நடந்தாள். ஓடவில்லை, ஓடுகிற கால் அவளுக்கு இல்லை. புள்ளி பழைய பஸ் நிலையத்துப் பக்கம் போய் நின்றது. அங்கே ஒரு சிமெண்ட் பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பட்டனைக் கழற்றி, போனைக் கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார், தெரியாத பயணிக்குக் கொடுப்பதுபோல.

"யாரோ என் பையில போனை விட்டுட்டுப் போயிட்டாங்கம்மா. பாவம், தேடிட்டு இருப்பாங்க."

"ஆமாங்க, தேடிட்டுதான் இருந்தாங்க" என்றாள் அண்ணி. பக்கத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டாள். "குடுங்க, சேக்க வேண்டிய எடத்துல சேத்துடறேன்."

அவர் கொடுத்தார். சற்று மூச்சு வாங்கியபின், அதை அவருடைய பாக்கெட்டிலேயே திரும்ப வைத்துப் பட்டனைப் போட்டாள்.