ஜன்னத் மகனுக்கு ஒரு கால்தான்

என் அம்மா நீலாயதாட்சியைப் போலப் பொறாமைப்படுகிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. அடுத்த வீட்டு மாடு கன்று போட்டால், கிடேரியா காளையா என்று தெரியும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. கிடேரி என்று தெரிந்தால் அதற்கப்புறமும் இறங்காது. நாகப்பட்டினத்தில் பிறந்து காரைக்கால் பக்கம் வரிச்சிக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கட்டை குட்டையான உடம்பு, ஓயாத வாய். அவள் கதையை எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியாது. யாரைப் பார்த்து வயிறெரிந்தாள் என்று சொன்னால் போதும், ஆள் முழுசாக வந்து நின்றுவிடுவாள்.

அவள் அதிகம் வயிறெரிந்தது ஜன்னத்தைப் பார்த்து.

1973 ஐப்பசியில் நான் பிறந்தபோது என் இரண்டு பாதமும் உள்பக்கமாக மடங்கியிருந்தன. உள்ளங்கால்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. வயிற்றுக்குள் இடம் பற்றாமல் மடங்கியிருக்கிறது, எண்ணெய் போட்டு நீவினால் நேராகிவிடும் என்றாள் மருத்துவச்சி. மாதக்கணக்கில் நீவினார்கள். கால் பளபளப்பானதுதான் மிச்சம். பார்க்க வந்தவர்கள் எல்லாம், "ஐயோ பாவம், பொட்டப்புள்ளயாச்சே" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். அம்மாவுக்கு ஆகவே ஆகாதது இந்த உச்சுக்கொட்டல்தான். திட்டினால் திருப்பித் திட்டலாம், பரிதாபப்படுகிறவர்களை என்ன செய்வது? என் பிள்ளை காலைப் பார்த்து ஊரில் ஒருத்தியாவது பொறாமைப்பட வேண்டும் என்று அப்போதே மனதில் முடிந்துவைத்துக்கொண்டாள். பொறாமைக்காரியின் வைராக்கியம் அப்படித்தான் இருக்கும்.

அப்பா முத்தையன், காரைக்காலில் ஜெய்னுலாபுதீன் மரைக்காயர் வீட்டுக் கறுப்பு அம்பாசடரை ஓட்டிக்கொண்டிருந்தார். மரைக்காயரின் மகள்தான் ஜன்னத். புருஷன் சிங்கப்பூரில். அவள் பிறந்த வீட்டிலேயே இருந்தாள். அவளுக்கு ஹாஜா என்று என் வயதில் ஒரு பையன். அவனுக்கும் வலது பாதம் மடங்கியிருந்தது. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுப் போட்டு நேராக்குகிறார்கள் என்று மரைக்காயருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். "போறது போறோம், உன் மவளையும் தூக்கிக்கிட்டு வா முத்தையா" என்றார் அவர்.

அப்பா சந்தோஷமாக ஓடிவந்து வீட்டில் சொன்னார். அம்மா முதலில் கேட்டது இதுதான்:

"அவங்க புள்ளைக்கு எத்தன காலு?"

"ஒண்ணுதான். வலது."

"பாத்தீங்களா? இதுலகூடப் பணக்காரங்களுக்குப் பாதிதான்."

அப்படித் தொடங்கியது எங்கள் புதுச்சேரிப் பயணம். மாதம் ஒரு சனிக்கிழமை, விடிவதற்கு முன் புறப்பாடு. நாங்கள் புதுச்சேரியைச் சேர்ந்தவர்கள் என்று பெயர்தான். புதுச்சேரிக்குப் போக நண்டலாறு தாண்டித் தமிழ்நாட்டு ரோட்டில் பாதி நாள் உருள வேண்டும். தரங்கம்பாடி, சீர்காழி, கொள்ளிடம் பாலம், சிதம்பரம், கடலூர். தமிழ்நாட்டில் மதுவிலக்கு என்பதால் சாவடியில் காரை நிறுத்திப் பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். போலீஸ்காரர் ஜன்னத்தின் பையைத் தொடமாட்டார். அம்மாவின் பையை மட்டும் திறந்து, என் பால்பாட்டிலை எடுத்து ஒரு தடவை மோந்து பார்ப்பார். அந்த ஒரு மோப்பத்துக்காக அம்மா சீர்காழிவரை முணுமுணுத்துக்கொண்டே வருவாள்.

பின்சீட்டில் இரண்டு பெண்கள், மடியில் ஆளுக்கொரு பிள்ளை. ஹாஜாவின் கட்டு எப்போதும் வெள்ளையாக இருக்கும். என் கட்டு, போட்ட மறுநாளே அழுக்கேறிப் பழுத்துவிடும். அவன் கார் கிளம்பியதும் தூங்குவான். நான் கடலூர்வரை அழுவேன். ஜன்னத் அடுக்குத் தூக்கில் இடியாப்பமும் கறியும் கொண்டுவந்து, "நீ முதல்ல தின்னு நீலா, புள்ளைய நான் வச்சிருக்கேன்" என்று கையை நீட்டுவாள். அவள் மடிக்குப் போனதும் நான் அழுகையை நிறுத்திவிடுவேனாம். அம்மாவுக்கு அந்த இடியாப்பம் தொண்டையில் நிற்கும். ஆனாலும் தின்றுவிடுவாள்.

இதெல்லாம் எனக்கு நினைவில்லாத காலம். அப்பா சொல்லித்தான் தெரியும். அவர் கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார்.

எழுபத்தைந்தில், மாம்பழக் காலத்தில், டாக்டர் ஹாஜாவின் காலைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். நன்றாக வந்துவிட்டது, இன்னும் ஒரே ஒரு கட்டு, அப்புறம் ஷூ போட்டு நடக்கவிடலாம் என்றார். என் காலைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "கொஞ்சம் கொஞ்சமா வரும்மா" என்றார். திரும்பி வரும்போது அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே கெட்ட சகுனம் என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் வழியில் காற்று இறங்கிய டயருக்குப் பஞ்சர் போடுகிற கவலையில் இருந்துவிட்டார்.

அம்மாவுக்குக் கணக்கு இப்படி ஓடியிருக்கிறது. ஒரே கார், ஒரே டாக்டர், ஒரே மாவு. அவள் பிள்ளைக்கு வருகிறது, என் பிள்ளைக்கு வரவில்லை. அப்படியானால் கோளாறு காலில் இல்லை, ஜாதகத்தில். சனி பிடித்திருக்கிறது. சனி பிடித்தால் எங்கே போவது என்று காரைக்கால்காரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பஸ் ஏறினால் திருநள்ளாறு.

அடுத்த சனிக்கிழமை, அப்பா வேளாங்கண்ணிக்குச் சவாரி போன நேரம் பார்த்து, என்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நளதீர்த்தத்தில் நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, உடுத்தியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டுப் புதுசு கட்டிக்கொண்டு கோயிலுக்குள் போக வேண்டும். துணியோடு பீடையும் போய்விடும். இதுதான் முறை. அம்மா என் சட்டையைக் கழற்றிக் குளத்தில் விட்டாள். எண்ணெய் தேய்த்தாள். அப்புறம் என் கால்களைப் பார்த்தாள். முட்டிக்குக் கீழே இரண்டு கட்டும் அப்படியே இருந்தன.

உடுத்தியிருப்பதை விடாமல் எப்படிப் பீடை போகும்?

ஆஸ்பத்திரியில் நர்ஸ் தொட்டியில் ஊறவைத்துப் பழைய கட்டைப் பிரிப்பதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். படியில் உட்கார்ந்து என் கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டுப் பொறுமையாக ஊறவைத்தாள். நான் தண்ணீரை அடித்து விளையாடினேனாம். மாவு இளகியதும் துணியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து எடுத்து, இரண்டு கட்டையும் ஊரார் விட்ட வேட்டி சேலையோடு சேர்த்துக் குளத்தில் விட்டுவிட்டாள். புதுப் பாவாடை கட்டி, வெறுங்காலோடு என்னைச் சனீஸ்வரன் முன்னால் தூக்கிக் காட்டினாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று அப்பா ஒருநாள் கேட்டாராம். "அந்த ஹாஜாவுக்கு முன்னாடி எம் மவ நடக்கணும்னு" என்றாளாம். பெருமையாகத்தான் சொன்னாளாம்.

அடுத்த ஆஸ்பத்திரி நாளுக்குள் பாதங்கள் பழையபடி உள்ளே திரும்பிவிட்டன. அதுவாகக் கழன்றுகொண்டது என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாள். அவர் நம்பவில்லை. காரில் ஜன்னத் என் வெறுங்காலைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. டாக்டர் கேட்டார். சத்தம் போட்டே கேட்டார்.

"கட்ட யாரு பிரிச்சது? இத்தன மாசம் பண்ணுனது எல்லாம் வீணாப்போச்சே! யாரு பண்ணுன வேல இது?"

அம்மாவுக்கு வாய் எழவில்லை. அவள் வாழ்க்கையில் வாய் எழாமல் நின்றது அந்த ஒரு தடவைதான்.

"எங்க பையன் பண்ணுன வேலைங்க டாக்டர்" என்றாள் ஜன்னத். "போன தடவ கார்ல தண்ணிக் கூஜாவ அது கால்மேல கவுத்துட்டான். ஊறிப்போச்சு. நான்தான் பிரிச்சிடச் சொன்னேன். தப்புத்தாங்க."

மரைக்காயர் வீட்டுப் பெண், அத்தனை பேர் நடுவில் தலை குனிந்து திட்டு வாங்கிக்கொண்டாள். வெளியே வந்ததும் அம்மா அப்பாவிடம் போய் அழுதாள். நன்றியில் அழுகிறாள் என்று அப்பா நினைத்துத் தோளைத் தட்டியிருக்கிறார்.

"காலும் அவ புள்ளைக்கு நேரா வந்துடுச்சு, நல்லவங்கிற பேரையும் அவளே தட்டிக்கிட்டுப் போயிட்டா" என்றாள் அம்மா. "எனக்குன்னு எதையாச்சும் விட்டுவச்சாளா பாருங்க!"

ஹாஜா நடந்துவிட்டான். அவனுக்கு ஷூ பார்க்கப் போகிற சாக்கில் கார் தொடர்ந்து புதுச்சேரிக்குப் போனது. எனக்கு மாவுக்கட்டு மட்டும் போதாது என்று ஆகி, எழுபத்தேழில் ஆபரேஷன் செய்தார்கள். அப்புறமும் கட்டு, அப்புறம் இரும்புப் பட்டை வைத்த ஷூ. அந்தக் காலத்துப் பயணங்கள் எனக்கே நினைவிருக்கின்றன. ஹாஜா ஜன்னல் பக்கம் மண்டியிட்டு வருகிற லாரியை எல்லாம் எண்ணுவான். நான் நீட்டிய காலோடு அவன் எண்ணுவதைத் தப்பு தப்பு என்பேன். அவன் இறங்கி ஓடும்போது எனக்கும் வயிறு எரியும். தாயைப் போல்தானே இருப்பேன்.

ஒருநாள் கொள்ளிடத்தில் தண்ணீர் கரை புரண்டு போனது. அப்பா காரை ஓரங்கட்டி, கட்டுப் போட்ட என்னைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டு பாலத்தின் கைப்பிடி ஓரமாக நடந்து காட்டினார். ஹாஜா தன்னையும் தூக்கச் சொல்லிக் காருக்குள் அழுதான். அவனுக்கு ஓடத் தெரியும், தூக்கத்தான் ஆளில்லை. அப்போது பின்சீட்டில் நடந்த பேச்சை, நான் பெரியவளான பிறகுதான் அம்மா எனக்குச் சொன்னாள்.

"ஒன்னப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு நீலா."

"என்னையாங்க? என்னப் பாத்தா?" அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை.

"இவன் வாப்பாவுக்கு இவன் காலு இப்படின்னே தெரியாது. சொல்ல வேணாம்னுட்டாங்க. போட்டோ கேட்டு எழுதுனாரு. இடுப்புக்குக் கீழ விழாமப் புடிச்சு அனுப்பிவச்சோம். ஒம் மவளுக்கு ரெண்டு காலும் இப்படி இருந்தும் அந்த மனுசன் ஊரு பாக்கத் தோளுல தூக்கிக்கிட்டு நடக்குறாரு."

அன்றைக்கு அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. மரைக்காயர் மகள் தன்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள் என்று வரிச்சிக்குடி முழுக்கச் சொன்னாள். எதற்காக என்று கேட்டவர்களிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் போட்டோ விஷயம் அவள் வாயிலிருந்து ஊரில் ஒருத்தி காதுக்கும் போகவில்லை. அப்பாவுக்கு ஒரு வாரம் தினமும் முட்டை பொரித்துப் போட்டாள். அடுத்த மாதத்திலிருந்து காரில் முன்சீட்டில், அப்பா பக்கத்தில் உட்காரத் தொடங்கினாள். ஜன்னத் கண் அங்கே பட்டுவிட்டதாம்.

எண்பத்தொன்றில் ஜன்னத்தின் புருஷன் வந்தார். அதற்குள் ஹாஜாவைப் பார்த்து யாரும் எதுவும் சொல்ல முடியாதபடி அவன் பந்து உதைத்துக்கொண்டிருந்தான். மூன்று பேரும் சிங்கப்பூருக்குப் போனார்கள். ஜன்னத் வீடு தேடி வந்து என் கன்னத்தைப் பிடித்து அழுதுவிட்டுப் போனாள். "போவட்டும், சனி விட்டுது" என்றாள் அம்மா, அவள் தெருமுனை திரும்பியதும். மரைக்காயர் காரை விற்றுவிட்டார். அப்பா லாரிக்குப் போனார். நாங்கள் பஸ்ஸில் போக ஆரம்பித்தோம்.

இரண்டாவது ஆபரேஷனுக்கு அப்புறம், எண்பத்து மூன்றில், டாக்டர் என்னை வராந்தாவில் வெறுங்காலோடு நடக்கச் சொன்னார். நடந்தேன். இரண்டு உள்ளங்காலும் தரையில் முழுசாகப் பதிந்தன. ஈரத் தரையில் அடையாளம் விழுந்ததைக் குனிந்து பார்த்தார். இனி இரும்பு வேண்டாம், எல்லாரையும் போலச் செருப்புப் போடலாம் என்றார். முகமெல்லாம் சிரிப்பு. இத்தனை வருஷம் அம்மா அந்தச் சிரிப்புக்குத்தான் காத்திருந்தாள். அவளோ அதைப் பார்க்காமல் சட்டென்று பின்னால் திரும்பி, ஜன்னத் எப்போதும் உட்காரும் சுவரோர பெஞ்சைப் பார்த்தாள். யாரோ ஒரு கிழவர் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி வாசல் கடையில் நீலப் பட்டை வைத்த செருப்பு வாங்கித் தந்தாள். பஸ்ஸில் ஜன்னலோர இடம் தந்தாள். கடலூர் தாண்டியது, சிதம்பரம் தாண்டியது. பக்கத்து சீட்டுப் பெண் என்னைப் பார்த்து, எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டாள். அம்மா என் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பாதத்தைக் காட்டினாள். அந்தப் பெண் பார்த்தாள். "செருப்பு நல்லாருக்கு" என்றாள்.

அம்மா பாவாடையை இழுத்துவிட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். சத்தம் போட்டு, கண்டக்டர் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.

"என்னம்மா? நல்லாயிடுச்சுன்னுதானே சொன்னாரு?"

"அவ பாக்கணும்டி. ஜன்னத்து பாக்கணும். பாத்து வயிறெரியணும்." மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள். "மத்தவளுங்களுக்கு இது வெறும் காலுடி."