பரிசு நாளில் ஒட்டிய பட்டியல்

காலையில் நூறு மீட்டர் ஓட்டத்திலும் நீளம் தாண்டுவதிலும் முதலாவதாக வந்த பெண்ணின் ஹீமோகுளோபின் ஐந்து கிராம் என்று கருவி காட்டியபோது நான் அதை உடனே எழுதவில்லை. டியூபைக் கழுவினேன். அமிலத்தைப் புதிதாக ஊற்றினேன். அவளுடைய இன்னொரு விரலில் குத்தி, பிப்பெட்டில் கோடு வரை ரத்தத்தை உறிஞ்சி, மறுபடி பத்து நிமிடம் காத்திருந்தேன். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, பழுப்புக் கண்ணாடியின் நிறத்தோடு ஒப்பிட்டேன். மறுபடியும் ஐந்து.

"இன்னாக்கா, எனுக்கு மட்டும் ரெண்டு தபா குத்தறே? பஸ்ட்டு வந்ததுக்கு பிரைஸா?" என்றாள். எட்டாம் வகுப்பு. மூக்கில் வியர்வை, கால் முழுக்கச் செம்மண்.

எண்பதுகளின் தொடக்கம் அது. உத்திரமேரூர் வட்டாரத்துப் பள்ளிகள் சேர்ந்து ஆண்டுக்கொரு முறை விழா நடத்துவார்கள். காலையில் விளையாட்டு, பகலில் வகுப்பறைகளில் கண்காட்சி, மூன்று மணிக்குக் கடைசி ஓட்டப் பந்தயம், அதன்பின் பரிசளிப்பு. சாலவாக்கம், மானாம்பதி பக்கத்துப் பிள்ளைகள் டவுன் பஸ்ஸிலும் டிராக்டரிலும் வந்து இறங்குவார்கள். அந்த ஆண்டு எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு வகுப்பறை கொடுத்திருந்தார்கள். லேப் டெக்னீஷியன் பயிற்சி முடித்து நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வயது இருபத்திரண்டு.

"ரத்த வகை பாத்துச் சொல்லு, பசங்களுக்குப் பிடிக்கும். கையோட ஹீமோகுளோபினும் பாத்துடு" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் மாலையில் வருவதாக ஏற்பாடு.

முந்தின நாளே எடுத்துப்போக வேண்டியவற்றை எழுதிவைத்தேன். டியூப் நான்கு, பிப்பெட் இரண்டு, ஸ்பிரிட் விளக்கு, ஊசிகள், பஞ்சு, காய்ச்சி வடித்த நீர், கோடு போட்ட நோட்டு ஒன்று. நோட்டில் ஐந்து பத்திகள்: எண், பெயர், வகுப்பு, ரத்த வகை, ஹீமோகுளோபின். எதையும் பத்தி போட்டு எழுதிவிட்டால் எனக்கு மனம் அடங்கிவிடும்.

பன்னிரண்டு மணிக்குள் இருபத்தாறு பேருக்குப் பார்த்துவிட்டேன். அந்தப் பெண்தான் இருபத்தாறாவது. வகை என்ன என்று பிள்ளைகள் திரும்பத் திரும்ப வந்து கேட்டார்கள். தொந்தரவு தாங்காமல், நோட்டில் இருந்ததை ஒரு சார்ட்டுத் தாளில் அழகாகப் படியெடுத்து வெளிக்கதவில் ஒட்டினேன். அவளுடைய ஐந்தையும் சேர்த்து. யோசிக்காமல் செய்த காரியம்.

பள்ளிக்கூடத்துக் கதவில் பெயரும் எண்ணும் கொண்ட தாளை ஒட்டினால் ஜனங்கள் அதை என்னவென்று எடுத்துக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"டேய், ரிசல்ட் போட்டுட்டாங்கோடா!"

ஐந்து நிமிடத்தில் கதவை மறைத்துக்கொண்டு கூட்டம். பிள்ளைகளைவிடப் பெற்றோர் அதிகம். தலையில் துண்டு கட்டிய ஒருவர் விரல் வைத்துப் படித்தார். "எம் பையன் ஏழரை வாங்கிக்கீறான். உன்னுது?"

"எட்டு."

"அவன் படிக்கிற பையன்பா, வாங்குவான்."

ஒரு சிறுவன் முண்டியடித்து உள்ளே வந்தான். "அக்கா, எனுக்கு பி போட்டுக்கீது. எங்க கிளாஸ்ல எல்லாரும் ஏ. என்னையும் ஏ-வுக்கு மாத்துவியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. விளக்கலாம் என்று கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோதுதான் அந்தப் பெண்ணின் அம்மாவைப் பார்த்தேன். அறுவடையிலிருந்து நேராக வந்திருந்தாள். இடுப்பில் சொருகிய சேலையை இன்னும் இறக்கிவிடவில்லை. படிக்கத் தெரியாததால் துண்டுக்காரரைக் கேட்டாள்.

"எம் பொண்ணு எத்தினி, பாத்துச் சொல்லேன்."

"அஞ்சு."

மகளின் முதுகில் பட்டென்று ஒரு அடி விழுந்தது. "ஓடறதுல மொதல்ல வர்றே, தாண்டறதுல மொதல்ல வர்றே, இங்க மட்டும் அஞ்சா? நான் கூலிய வுட்டுட்டு பாக்க வந்தேன் பாரு!" என்னைப் பார்த்ததும் குரலைத் தணித்தாள். "யம்மா, பாஸ் ஆவறதுக்கு எத்தினி வேணும்?"

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். "பன்னண்டு."

அவள் துண்டுக்காரரிடம் திரும்பினாள். "பன்னண்டு யாரு வாங்கிக்கீறாங்கோ?"

அவர் விரல் மேலிருந்து கீழே வந்தது. ஒருமுறை. மறுபடி மேலே போய் இன்னொரு முறை.

"யாரும் இல்லியே."

"அப்ப எல்லாரும் பெயிலா?"

நானும் அவர் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு, ஏழரை, ஆறு, எட்டு, ஆறரை, ஏழு. ஆகக் கூடுதல் ஒன்பதரை. இருபத்தாறு எண்களையும் எழுதியவள் நான். இரண்டு தடவை எழுதியிருந்தேன். ஒவ்வொன்றாகத்தான் எழுதினேன், அந்தப் பத்தியை மேலிருந்து கீழாக ஒருமுறைகூடப் படிக்கவில்லை. ஐந்தைக் கண்டபோது மட்டும் திடுக்கிட்டேன். ஏழு எனக்கு ஏதோ சுமாரான எண்ணாகத் தெரிந்திருக்கிறது. காலையிலிருந்து மைதானத்தில் கைதட்டி விசிலடித்து ஓடவிட்டது இந்தப் பிள்ளைகளைத்தான். ஐந்து கிராம் வைத்துக்கொண்டு அந்தப் பெண் எப்படி ஜெயித்தாள் என்ற கேள்விக்கும் பதில் கதவிலேயே இருந்தது. கூட ஓடியவர்களும் அப்படித்தான் ஓடியிருக்கிறார்கள்.

அம்மாவையும் மகளையும் உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தேன். இது மார்க் இல்லை, ரத்தத்தின் பலம் என்றேன். மகளின் கண் இமையை இழுத்துக் காட்டினேன். உள்ளே சிவப்பு இருக்க வேண்டிய இடம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது.

"ரத்தம் இல்லன்னா எப்பிடிம்மா ஓடுது? செத்த நேரம் ஒரு எடத்துல குந்துதான்னு கேளு" என்றாள் அம்மா. பிறகு அவளாகவே சொன்னாள். "ஒரு கெட்ட பயக்கம் கீது. பச்சரிசிய அள்ளித் துன்னும். தம்பிக்கு ஸ்லேட்டுல எயுத பல்பம் வாங்கியாந்தா அத்தயும் கடிச்சித் துன்னுடும். அடிச்சும் பாத்தேன். சூடும் வெச்சேன்."

பெண் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அதற்குள் பார்த்துவிட்டேன். முழங்கைக்குக் கீழே ஆறிப்போன தழும்பு, விரல் நீளத்துக்கு.

ரத்தச் சோகையின் அறிகுறிகள் என்று பயிற்சியில் எழுதிப் பாடம் செய்திருந்தேன். வெளுத்த இமை, மூச்சு வாங்குதல், படபடப்பு, உணவல்லாத பொருள்களைத் தின்னும் ஆசை. நான்காவதைத் தேர்வில் மறக்காமல் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். அதற்காக ஒரு பிள்ளைக்குச் சூடு வைத்திருப்பார்கள் என்பதற்கு என் நோட்டில் பத்தி இல்லை.

"அது பழக்கம் இல்லம்மா, நோவு. ரத்தம் ஏறினா தானா போயிடும்" என்றேன். அவள் மகளின் கையைப் பிடித்து அந்தத் தழும்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

அப்போதுதான் பெண் எழுந்தாள். "நான் போறேங்கா. மூணு மணிக்கு எண்ணூறு மீட்டர்."

"நீ ஓடக் கூடாது."

"ஓடணும். இன்னொரு ஸ்கூல் பொண்ணும் என்ன மாதிரி ரெண்டு பஸ்ட்டு. இத்த ஓடி ஜெயிக்கறவதான் சாம்பியன். செங்கல்பட்டுக்கு இட்டுக்கினு போவாங்கோ, ஜில்லா போட்டிக்கு. நான் செங்கல்பட்டே பாத்தது இல்ல."

நூறு மீட்டர் பதினைந்து விநாடியில் முடிந்துவிடும். எண்ணூறு என்பது மைதானத்தைச் சுற்றி இரண்டு முழுச் சுற்று, வெயிலில். பலமில்லாத ரத்தத்தை வைத்துக்கொண்டு இதயம் எவ்வளவு அடித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். டாக்டர் வர நான்கு மணியாகும்.

அவளுடைய பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியரைத் தேடிப் பிடித்தேன். கழுத்தில் விசிலோடு சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். சொன்னதும் சிரித்தார்.

"ஏம்மா, காலைல ரெண்டு பஸ்ட்டு அடிச்சவளுக்கா ரத்தம் இல்ல? உன் மெஷின் ரிப்பேர்."

"ரெண்டு தடவை பார்த்தேன் சார்."

"என்னுதப் பாரு. எனுக்கும் அஞ்சுதான் காட்டும். பந்தயம்" என்று விரலை நீட்டிக்கொண்டே வகுப்பறைக்கு வந்தார்.

அதே டியூப், அதே அமிலம், அதே பத்து நிமிடம். தண்ணீர் விட்டுக்கொண்டே போனேன். ஏழைத் தாண்டியது, ஒன்பதைத் தாண்டியது. பதினாலில்தான் நிறம் ஒத்துப்போனது. டியூபை அவர் கையிலேயே கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கதவுக்குப் போய்ப் பட்டியலைப் படித்தார். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நாலு மாசமா காலைல அஞ்சரைக்கு எழுப்பி ஓட வெச்சிக்கினு இருந்தேம்மா. மூச்சு வாங்குது சார்னு சொல்லும். பயிற்சி பத்தலன்னு இன்னொரு ரவுண்டு வுட்டேன்."

பெண் அவர் அருகில் போய் நின்றாள். "இன்னிக்கும் வுடு சார். இன்னிக்கு மட்டும்."

"வாய மூடு" என்றார். குரலில் கோபம் இல்லை. நேராக மைக்குக்குப் போய், பெண்கள் எண்ணூறு மீட்டர் இன்று நடக்காது என்று அறிவித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

அடுத்த நிமிடமே போட்டிப் பெண்ணின் ஆசிரியர் அவளையும் இழுத்துக்கொண்டு வகுப்பறைக்குள் நுழைந்தார். "தோத்துடுவோம்னு ரேஸையே நிறுத்திட்டியா? மானம் ரோஷம் கீதாய்யா உனுக்கு?"

"உன் பொண்ணு வெரல நீட்டச் சொல்லு" என்றார் இவளுடைய ஆசிரியர்.

அந்தப் பத்து நிமிடமும் இரண்டு ஆசிரியர்களும் இரண்டு பெண்களும் அந்த அம்மாவும் என் தலைக்கு மேல் குனிந்து நின்றார்கள். சொட்டு விட்டேன், கலக்கினேன், பார்த்தேன். ஆறரையில் நின்றது.

"ஆறரைன்னா இன்னா அர்த்தம்?" என்று அந்த ஆசிரியர் என்னைக் கேட்டார்.

பதிலைச் சொன்னவள் அந்த அம்மா. "பெயில் சார். எங்க பொண்ணு அஞ்சு, உங்க பொண்ணு ஆறரை. பன்னண்டு வேணும். எயுதி ஒட்டிக்கீறாங்கோ, போயி பாரு. ஒருத்தரும் பாஸ் இல்ல."

அவர் போய்ப் பார்த்தார். திரும்பி உள்ளே வரவில்லை.

டாக்டர் வந்து ஐந்து வாங்கிய பெண்ணின் இமையைப் பார்த்தார், மார்பில் குழல் வைத்துக் கேட்டார். நெடுநேரம் கேட்டார். வெறுங்காலோடு நடக்கிற இடத்தில் கொக்கிப்புழு காலின் வழியே ஏறி வருடக்கணக்கில் ரத்தத்தைக் குடித்திருக்கும், உடம்பு அதற்குப் பழகியிருக்கும் என்றார். ஓடவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டதற்கு, "அதை இங்க பேச வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். மறுநாளே செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சீட்டு எழுதினார். பட்டியலில் உள்ள மற்றவர்களுக்குப் புழு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை. சாம்பியனுக்கான எவர்சில்வர் குடம் மேடை மேஜையிலேயே இருந்தது. யாரையும் கூப்பிடவில்லை.

பரிசளிப்பு முடிந்து சாமான்களைக் கட்டும்போது பெண் வந்து நின்றாள். "நீ குத்தாம இருந்தா ஓடியிருப்பேன்."

"ஆமாம்" என்றேன்.

முப்பது சத்து மாத்திரைகளை எண்ணி ஒரு காகிதப் பையில் போட்டு நீட்டினேன். வாங்கிக்கொண்டு கேட்டாள். "எல்லாத்தயும் இன்னிக்கே முயுங்கினா நாளைக்குப் பன்னண்டு ஆயிடுமா?"

"எல்லாத்தயும் ஒண்ணா முயுங்கிடு" என்றாள் அம்மா, அவசரமாக. "தண்ணி கொண்டாரட்டா?"

பையைப் பிடுங்கினேன். முப்பதையும் ஒரே நாளில் விழுங்கினால் பிள்ளை பிழைக்காது என்பதை நான் சொல்லியிருக்கவே இல்லை. என்ன மாத்திரை, எத்தனை, எத்தனை நாளைக்கு என்று நோட்டில் எழுதியிருந்தேன், வாயால் சொல்லவில்லை. மற்ற பிள்ளைகளுக்குக் கட்டிவைத்திருந்த பொட்டலங்களையும் பிரித்தேன். மாத்திரை யார் வீட்டுக்கும் போகாது, பள்ளியில் தினம் ஒன்று, ஆசிரியர் கண்ணெதிரில் விழுங்க வேண்டும் என்று இரண்டு ஆசிரியர்களிடமும் மற்றப் பள்ளிக்காரர்களிடமும் ஒப்புக்கொள்ள வைத்த பிறகுதான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் செங்கல்பட்டுக்குப் போனோம். அம்மா, மகள், நான். அன்றைக்கு உரிய மாத்திரை ஒன்று என் பையில் இருந்தது. பெண் சன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஊரைத் தாண்டி வெகு தூரம் போன பிறகு முதல் கேள்வி வந்தது.

"அந்தப் பொண்ணுக்கும் மாத்தர உண்டா?"

"உண்டு."

"தெனமுமா?"

"தினமும்."

"அப்ப அடுத்த வருசம் அவளும் இன்னும் வேகமா ஓடுவா."

"ஓடுவா."

சன்னலை விட்டுத் திரும்பினாள். பிறகு உள்ளங்கையை என் பக்கம் நீட்டினாள்.

"இன்னிக்கு உள்ளத இப்பவே குடு."